தறிக்குழி

எங்கள் வீட்டு நடு அறையில் ஒரு குழி இருந்தது. நாலடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். நைனா அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் நெய்தார். 1988-ல் பின்கட்டில் கொட்டகை போட்டு விசைத்தறி இரண்டு வந்தபிறகு கைத்தறியைப் பிரித்துப் பரணில் ஏற்றிவிட்டார்கள். குழியை மட்டும் மூடவில்லை. மேலே நாலு பலகை போட்டு, பலகைமேல் அரிசி மூட்டை வைத்தார்கள். திருத்தணியில் மட்டுமல்ல, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிப் பலகை போட்டு மூடிய குழிகள் பழைய வீடுகளில் இருக்கும். சில வீடுகளில் அதன்மேல் டி.வி. வைத்திருப்பார்கள்.

2021 ஐப்பசி மழையில், இரவு இரண்டு மணிக்குக் கொல்லைப்பக்கம் போன அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எண்பத்தொரு வயசு. பிளேட் வைத்து, நாற்பது நாள் கழித்து நாலுகால் நடைவண்டியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிமேல் குந்தக்கூடாது, படி ஏறக்கூடாது, இரவில் வெளியே போகவே கூடாது. வீட்டுக்குள் கக்கூஸ் கட்டியாக வேண்டும். இதுதான் விஷயத்தின் ஆரம்பம். நான் சென்னையிலிருந்து வேலை ஓய்வோடு திரும்பி வந்து, வீட்டை 'அதன் குணம் கெடாமல்' புதுப்பிக்கப் போவதாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது அதற்கு முன்பே. என் திட்டத்தில் கக்கூஸ் இல்லை. முற்றத்துத் தூண்களுக்கு எண்ணெய் பூசுவதும், சுவரைச் சுண்ணாம்புக் காரைக்கு மீட்பதும், தறியைப் பரணிலிருந்து இறக்கிக் குழிமேல் பழையபடி நிறுத்திவைப்பதும் இருந்தன.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1923-ல் என் தாத்தாவின் அப்பா வாங்கினார். பத்திரம் தெலுங்கில் இருக்கிறது, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட காகிதத்தில். ஊர் அப்போது சித்தூர் ஜில்லா. 1911-க்கு முன்னால் வட ஆர்க்காடு. 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது ஆந்திராவோடு போயிற்று. ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடி, படாஸ்கர் தீர்ப்பு வந்து, 1959-ல் சட்டமாகி, 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பி வந்தது. அப்புறம் செங்கல்பட்டு ஜில்லா, இப்போது திருவள்ளூர். வீடு மட்டும் ஓரங்குலம் நகரவில்லை. அம்மா நகரிப் பக்கம் பிறந்தவள். 1958-ல் கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே ஜில்லா. இரண்டே வருஷத்தில் பிறந்த வீடு வேறு ராஜ்யம். இதைப் பற்றி அவள் ஒரு தடவைகூடப் பேசி நான் கேட்டதில்லை. ரயிலில் ஏறினால் நகரி வரும், வந்தால் இறங்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவளுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்கத் தெரியும். நான் நாற்பது வருஷமாகத் தமிழில் எழுதுகிறேன். இதையும் அவள் படிக்கப் போவதில்லை.

கட்டடம் அனுமதிக்கு மனுப் போட்டபோது அந்தத் தெலுங்குப் பத்திரத்துக்கு மொழிபெயர்ப்புக் கேட்டார்கள். நானே செய்தேன். 'இல்லு' என்பதை 'வீடு' என்றும் 'கடப்ப' என்பதை 'வாசற்படி' என்றும் எழுதிக்கொண்டே போனபோது, நாற்புற எல்லை சொல்கிற இடத்தில் 'மக்கம் குண்ட உள்ள அறை' என்று இருந்தது. தறிக்குழி. ஆக 1923-லேயே குழி இருந்திருக்கிறது. விலைக்கு வாங்கும்போதே குழியோடுதான் வாங்கியிருக்கிறார்கள். (இடையில் ஒரு சின்ன விஷயம். கடப்பா ஊரின் பெயரே இந்தக் 'கடப்ப'தான் என்பார்கள். வடக்கிலிருந்து திருமலைக்குப் போகிறவர்களுக்கு அது வாசற்படி. நம் வீடுகளில் அடுப்பு வைக்கிற கடப்பைக் கல்லுக்குள் ஒரு வாசற்படி ஒளிந்திருக்கிறது.)

இந்தக் கண்டுபிடிப்பு எனக்குப் பெரிய பலமாகப்பட்டது. தம்பியிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணா, அது குழிதானே," என்றான்.

அவன் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. பத்து வருஷமாக அம்மாவோடு இருக்கிறவன் அவன். தினப்படி வெயில் பட்டியலில் தமிழ்நாட்டில் முதலிரண்டு இடங்களில் அடிக்கடி வருகிற எங்கள் ஊரில், சித்திரை வைகாசியில் விசைத்தறிக் கொட்டகைக்குள் நிற்கிறவன். அவனுக்கு வேண்டியது கான்கிரீட் தளம், ஒரு அறைக்காவது ஏ.சி., திண்ணையை இரும்புக் கம்பி போட்டு அடைத்து வண்டி நிறுத்த இடம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற கூட்டத்துக்கு மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்பதும் ஒரு யோசனை. இவற்றில் எதுவும் நியாயமற்ற ஆசை அல்ல.

நியாயமற்ற காரியம் செய்தவன் நான்தான். 1994-ல், நல்ல சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்தில், வீட்டைப் 'பலப்படுத்த' பணம் அனுப்பினேன். சுவரின் கீழ்ப்பாகம் பொரிந்து உதிர்கிறது என்று நைனா கடிதம் போட்டிருந்தார். இடுப்புயரத்துக்குச் சிமெண்ட் பூசச் சொன்னேன். பூசினார்கள். பளபளவென்று இருந்தது. நாலைந்து வருஷத்தில் சிமெண்டுக்கு மேலே, தோள் உயரத்தில், சுவர் பொரிய ஆரம்பித்தது. நைனா சிரித்துக்கொண்டே, "ஈரம் மாடி ஏறிவிட்டது" என்றார். அவர் போனது 2009-ல். அந்த வருஷம் ஈரம் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது.

பிறகுதான் காரணம் புரிந்தது. பழைய சுவருக்கு அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு என்று எதுவும் கிடையாது. மண்ணிலுள்ள தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல, செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரை அதைத் தடுப்பதில்லை, வெளியே விட்டுவிடும். ஏறுகிற தண்ணீர் ஒரு முழத்துக்குள் காற்றில் போய்விடும். சிமெண்ட் பூச்சு வாயை அடைத்துவிட்டது. அடைபட்ட தண்ணீர் வழி தேடி மேலே போயிற்று. போகிறபோது மண்ணின் உப்பையும் கூட்டிக்கொண்டு போயிற்று. தண்ணீர் உலருகிற இடத்தில் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, படிகம் பெருத்து, செங்கல்லை உள்ளிருந்து மாவாக்கிவிடுகிறது. பலப்படுத்துவதற்காகப் பூசியதே சுவரைத் தின்றுகொண்டிருந்தது. சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. மயிரிழை விரிசல் விட்டால் மிச்சமிருக்கும் சுண்ணாம்பு கரைந்து அங்கே படிந்து தன்னையே ஓரளவு தைத்துக்கொள்கிறது. விசைத்தறியின் அதிர்ச்சியை இத்தனை வருஷம் அந்தச் சுவர்கள் தாங்கியது இதனால்தான். சிமெண்ட் பூசிய இடமோ பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எழுபது வயசைத் தாண்டிய ஒரு மேஸ்திரி. அம்மா ஊர்ப்பக்கத்துக்காரர். கோயில் வேலைகள் செய்தவர். நான் விசாரித்த வரையில், எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக் காரை கூட்டத் தெரிந்தவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர் சுவரில் கையை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது மூச்சு முட்டிப் போயிருக்குது. மொதல்ல தோலை உரிக்கணும். ஒரு கோடை பூரா சும்மா வுடணும்," என்றார். சுன்னம் என்றுதான் சொல்வார், சுண்ணாம்பு என்று அவர் வாயில் வராது.

2022 மாசியில் சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். ஆனி வரைக்கும் சுவர் வெறும் செங்கல்லாக நின்றது. அந்த நாலு மாதமும் வீடு முழுக்கச் செந்தூள். தம்பி மனைவி, "பாவகாரு, சோத்துல கூட செங்கல் வாசனை" என்றாள். கொல்லையில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்தோம். கடுக்காயைத் தட்டித் தனியே ஊறப்போட்டு, வெல்லத்தைக் கரைத்து, அந்தத் தண்ணீரைத்தான் காரைக்குச் சேர்த்தார் மேஸ்திரி. மணல் பாதி, செங்கல் பொடி பாதி. முன்பெல்லாம் வட்டமாக வாய்க்கால் கட்டி, மாடு பூட்டிக் கல்லுருளையை இழுத்துக் காரையை அரைப்பார்களாம். நாங்கள் ஒரு பழைய கிரைண்டரில் அரைத்தோம். மேஸ்திரிக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இல்லை. எனக்குத்தான் மனசுக்குள் என்னவோ அரித்தது. மாடு இல்லாதது ஒரு குறையாகப்பட்டது. என் ரசனையின் லட்சணத்தை இதற்குமேல் விளக்கவேண்டியதில்லை.

முன்கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் வரிசை பிடித்து, சுண்ணாம்பில் ஒட்டியிருக்கும், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள், கடைசியில் தட்டோடு. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் மீன்முள் மாதிரித் தெரியும். இதை நான் 'வீட்டின் ஆதி வடிவம்' என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாதான் கேட்டாள், ஆதி என்றால் எந்த ஆதி என்று. அவள் வார்த்தைகள் அப்படியல்ல, "உங்க தாத்தா கட்டினது இது. அதுக்கு முந்தி நாட்டு ஓடு. அதுக்கு முந்தி கூரை இருந்ததுன்னு எங்க அத்தை சொல்லும்." நடு அறைக்குமேல் இருப்பதோ மங்களூர் ஓடு. 1865-ல் பாஸல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுச் சாலை வைத்த பிறகு தென்னிந்தியா முழுக்கப் பரவியது. ஒரு காலத்தில் அதுவும் 'சீமை'ச் சரக்கு. அது ஏறியபோது, நாட்டு ஓட்டின் அழகு போச்சே என்று வருந்தியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்திருக்கலாம்.

எந்தப் படலத்தைக் காப்பாற்றுவது என்பது வெறும் கொத்தனார் விவகாரமில்லை. பாரிஸ் நோத்ர தாமின் கோபுரமுனை 2019-ல் எரிந்து விழுந்ததை டெலிவிஷனில் பார்த்தோம். இடைக்காலக் கோயிலின் தலை சாய்ந்ததுபோல் உலகமே பதறிற்று. ஆனால் அந்த முனை இடைக்காலத்தது அல்ல. 1859-ல் வியொலே-லெ-துக் வடிவமைத்து ஏற்றியது. பழைய கட்டடங்களைத் தன் கற்பனையிலுள்ள பூரணத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார் என்று தம் காலத்திலேயே திட்டு வாங்கியவர் அவர். விழுந்தபிறகு, புதிதாக ஒன்றைச் செய்யலாமா என்ற வாக்குவாதமெல்லாம் ஓய்ந்து, அவருடைய முனையையே அச்சாகத் திரும்பச் செய்து 2024 டிசம்பரில் கோயிலைத் திறந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இட்டுக்கட்டு நூற்றறுபது வருஷத்தில் அசலாகிவிட்டது.

மறுபக்கம் வில்லியம் மாரிஸ். 1877-ல் லண்டனில் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென்று சங்கம் வைத்து, ஜீர்ணோத்தாரணம் என்ற பெயரில் பழைய சர்ச்சுகளைச் சுரண்டிப் புதிதாக்குவதை எதிர்த்தவர். பழுதுபார், ஆனால் இட்டுக்கட்டாதே என்பது அவர் கட்சி. எனக்கு அவர்மேல்தான் எப்போதும் சாய்வு. அதற்கு இலக்கியக் காரணம் ஒன்றும் இல்லை. அவர் தறி போட்டவர் என்பதுதான். 1879-ல் தன் படுக்கையறையிலேயே ஒரு தறியை நிறுத்தி, விடியற்காலையில் எழுந்து தானே நெய்து பழகினார். என்ன ஒன்று, அவருடையது நெட்டுக்குத்தான தறி. குழி தேவையில்லை. மாரிஸின் அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததாகவும் படித்த நினைவில்லை.

எங்கள் ஊரிலேயே உதாரணம் உண்டு. மலைமேல் முருகனுக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூடப் போகாத வீரட்டானேஸ்வரர் கோயில், ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், அபராஜித பல்லவன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கருங்கல்லில் எடுத்தது. யானை முதுகு மாதிரி பின்புறம் வளைந்த விமானம். கல்லில் ஒரு வெண்பா வெட்டியிருக்கிறது. அரசனே பாடியது என்றும் கல் சொல்கிறது. சின்னக் கோயில், பெரிய வருமானமில்லை. அதனாலேயே அதிகம் கை படாமல் தப்பித்தது என்று நினைக்கிறேன். பணம் வருகிற கோயில்களில் கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்துச் சிற்பத்தின் மூக்கையும் எழுத்தின் சுழியையும் மழுக்கிய கதை தமிழ்நாடு முழுக்க உண்டு. அலட்சியம் காப்பாற்றியதைச் சிரத்தை அழித்திருக்கிறது. நானும் 1994-ல் சிரத்தையாகத்தான் பணம் அனுப்பினேன்.

திரும்பவும் குழிக்கு.

கக்கூஸ் எங்கே என்று இடம் பார்க்கத் தொடங்கியதும் வீடு தன் முகத்தைக் காட்டிவிட்டது. முன்கூடத்தில் கூடாது, சாமியறைக்குப் பக்கத்தில் கூடாது, சமையலறைச் சுவரில் கூடாது. அம்மாவின் கட்டிலிலிருந்து பத்தடிக்குள் இருக்கவேண்டும். கழிவுக்குழாய்க்குக் கொல்லைத் தொட்டி வரைக்கும் வாட்டம் கிடைக்கவேண்டும். மிஞ்சியது நடு அறையின் கிழக்கு மூலை. குழி இருந்த மூலை. மேஸ்திரி பலகையைத் தூக்கி உள்ளே இறங்கி நின்றார். முழங்காலுக்கு மேல் வரை மறைந்தது.

"சார், கடவுளாப் பாத்து வெட்டி வெச்ச மாதிரி இருக்குது. தரையை ஒடைக்கவே வேணாம். பைப்பு இதுக்குள்ளயே எறங்கிப் போயிடும். மேல மணலைப் போட்டு மூடிக்கலாம்."

எனக்கு வாந்தி வரும்போல் இருந்தது. மிகையாகச் சொல்லவில்லை. வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தேன்.

அன்று இரவு அம்மாவிடம் பேசினேன். நகரத்திலிருந்து கட்டடக்கலை படித்த ஒரு நண்பரை வரவழைக்கலாம், கொல்லைப்பக்கமாக ஒரு சின்ன இணைப்பு கட்டலாம், ஆறுமாசம் பொறுத்தால் போதும் என்றெல்லாம். குழி நூறு வருஷத்துக்குமேல் பழையது, பத்திரத்திலேயே இருக்கிறது, நைனாவின் கால் இருந்த இடம் என்றும் சொன்னேன். அவள் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"நாயனா, அந்தக் குண்ட பக்கத்துல நான் எங்க உட்காந்திருந்தேன், சொல்லு பாக்கலாம்."

எங்கள் தெலுங்கில் அப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுவது, மகனையும் அப்படித்தான் கூப்பிடுவது. எனக்குப் பதில் தெரியவில்லை. ராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றுவாள் என்பது தெரியும். எந்தப் பக்கம், சுவரில் சாய்ந்தா, ஜன்னலோரமா, ஞாபகம் வரவில்லை. குழியின் ஒவ்வொரு விளிம்பும் என் கண்ணில் நிற்கிறது. ராட்டைக்கு இடம் இல்லை.

"இந்தா, இந்த மூலை. அந்த அறையில ஜன்னல் தொறக்கமாட்டாங்க. காத்துப் பட்டா பாவு காஞ்சு நூல் அறுந்திடும். தரை நசநசன்னு இருக்கணும். நான் அங்கதான் பொழுதுக்கும் உட்காந்திருந்தேன். முப்பது வருஷம். உன்னைப் பெத்து பதினாறாம் நாளே வந்து உட்காந்தேன். எனக்கு மொழங்கால் அப்பவே போயிடுச்சு."

குழித்தறியின் சூட்சுமமே அந்த ஈரம்தான். மண்ணுக்குள் இறங்கிய குழியிலிருந்து எழுகிற ஈரப்பதம் பருத்திப் பாவை மெதுவாக வைத்திருக்கும். நூல் அறுவது குறையும். திருத்தணி மாதிரி கொதிக்கிற ஊரில் அது இல்லாமல் கோடையில் நெய்யவே முடியாது. சுவரைத் தின்கிறது என்று நான் நாலு மாதம் யுத்தம் நடத்திய அதே ஈரம் இந்த வீட்டின் மூலதனம். அந்த ஈரத்துக்காகக் கட்டிய அறை அது. ஜன்னல் சிறியது, தரை மண்தரை, சுவர் பருமன், எல்லாமே நூலின் சௌகரியத்துக்காக, ஆளுக்காக அல்ல. நான் 'வீட்டின் குணம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு தொழிற்கூடத்தின் குணம். அதில் குடியிருந்தவர்கள் அதற்கு முழங்காலைக் கொடுத்தார்கள்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா என்று ஒன்று 1996-ல் திறந்தார்கள். தென்னிந்திய வீடுகளை அவை இருந்த ஊர்களிலிருந்து பிரித்துக்கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் உண்டு, தெலுங்குதேசத்து நெசவாளர் வீடும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நின்றபோது, எங்கள் வீடு இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ விட்டுப்போன ஒன்று என்று தோன்றி, ஒரு கவிதைகூட எழுதினேன். நல்ல காரியம் அது, குறை சொல்லவில்லை. அவர்கள் எடுக்காவிட்டால் அந்த வீடுகள் விறகாகியிருக்கும். காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் நிலையும் அடுக்கிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். என் நண்பர் ஒருவர் சென்னை அடுக்குமாடி வீட்டில் ஒரு பர்மாத் தேக்குத் தூண் வாங்கி நிறுத்தியிருக்கிறார். மேலே கூரைக்கும் தூணுக்கும் நடுவில் மூன்றங்குல இடைவெளி. அது எதையும் தாங்கவில்லை.

நம்முடைய புதுக்கவிதையில் முற்றமும் திண்ணையும் தாழ்வாரமும் எத்தனை தடவை வந்திருக்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாலும் வாடகை வீட்டில், மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதியவை. என்னுடையவையும் சேர்த்தி. முற்றத்தில் மழை விழுகிறது என்று எழுதுகிறவன், அந்த மழையைத் தாண்டி இரவில் கொல்லைக்குப் போகிறவளை எழுதுவதில்லை. இதைக் குற்றவுணர்ச்சியோடு சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்வையின் கோளாறு என்றுதான் சொல்கிறேன். திருத்தணியில் ராதாகிருஷ்ணன் வீடு நூலகமாக இருக்கிறது. அது ஒரு வழி. ஒரு பெரிய மனிதரின் வீட்டில் பிறர் வந்து படிக்கலாம். பாண்டிச்சேரி வைசியாள் வீதியில் முகப்புகளை மீட்டு, 2008-ல் யுனெஸ்கோ பாராட்டு வாங்கினார்கள். அது இன்னொரு வழி. ஆனால் முகப்புக்குப் பின்னால் ஒரு கிழவி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசற்படியில் தடுக்கி நிற்கிற பிரச்சினைக்கு எந்தப் பிரகடனத்திலும் ஷரத்து இல்லை.

வாசற்படியும் பிரச்சினையாயிற்று. நடு அறை நிலைக்கு அரையடி உயரத்தில் கடப்ப. வண்டியின் கால் ஏறாது. ஆசாரி அறுத்தார். தேக்கு. பத்து நிமிஷம் ரம்பம் பேசிற்று. அறுப்பதற்கு முன் அம்மா மஞ்சள் குங்குமம் வைக்கச் சொன்னாள், வெள்ளிக்கிழமை வைப்பதுபோலவே. எனக்கு அது சம்மதத்தின் சடங்காகப்பட்டது. அறுத்த துண்டைப் பத்திரமாக வைத்திருந்து ஏதாவது செய்யலாம் என்று கொல்லைச் சுவரில் சாத்திவைத்தேன். ஆடிக் கிருத்திகைக்கு அம்மா பக்கத்து உறவுக்காரர்கள் காவடியோடு பதினெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் வெந்நீர். துண்டு அடுப்புக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து நான் தேடியபோது, "காஞ்ச கட்டை, நல்லா எரிஞ்சுது," என்றாள்.

குழியை மூடிய அன்று நான் இறங்கிக் கையால் துழாவிப் பார்த்தேன். எழுத வசதியாக ஒரு உடைந்த நாடாவோ, காசோ, தார்க்குச்சியோ கிடைத்திருக்கலாம். எதுவும் கிடைக்கவில்லை. அடியில் மண் குளிர்ச்சியாக இருந்தது. வெளியில் நூற்றெட்டு டிகிரி. பக்கச்சுவரில், கால் உரசி உரசி, இரண்டு இடத்தில் காரை கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது. குழாய் அதை ஒட்டித்தான் போகிறது. மேஸ்திரி ஆற்றுமணலைக் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே சுண்ணாம்புத் தளமே போட்டார். அதில் மட்டும் என் பேச்சு எடுபட்டது.

இன்னொன்றில் அம்மாவின் பேச்சு எடுபட்டது. திண்ணையைக் கம்பி போட்டு அடைக்கக்கூடாது என்றாள். தம்பி வண்டி திருடு போகும் என்றான். போகட்டும் என்றாள். நான் அழகியல் காரணங்களை அடுக்கத் தயாராக இருந்தேன். அவற்றுக்கு அவசியம் நேரவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவள் அங்கே உட்காருவாள். தெருவில் போகிற யாராவது ஒருவர், "பெத்தம்மா, எப்படி இருக்கே?" என்று உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். முப்பது வருஷம் மூலையில் உட்கார்ந்தவளுக்குத் தெரு வேண்டியிருந்தது. கம்பி போட்டால் அவர்கள் நின்று பேசுவார்கள், உட்காரமாட்டார்கள் என்றாள். நான் இதை யோசித்திருக்கவே இல்லை. என் திட்டத்தில் திண்ணைக்கு மெருகு போடுவது இருந்தது. தம்பி கூரை விஷயத்தில் இறங்கி வந்தான். ஓட்டையே வைத்துக்கொண்டு அடியில் பலகை அடித்தோம். ஏ.சி. மட்டும் அவன் அறைக்கு வந்துவிட்டது. பருமனான சுவர் பகல் சூட்டை உள்வாங்கிக்கொண்டு ராத்திரிதான் வெளியே விடும் என்பதால், விடிகிற வரைக்கும் ஓடுகிறது.

கடைசியில் ஒரு சங்கடம். கக்கூஸில் அம்மா பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் ஒரு எவர்சில்வர் கம்பி வேண்டும். சுண்ணாம்புக் காரையும் பழைய செங்கல்லும் அவ்வளவு இழுப்பைத் தாங்கவில்லை. திருகாணி இரண்டு தடவை பெயர்ந்து வந்துவிட்டது. இரண்டாம் தடவை அவள் கையிலேயே வந்தது. நல்லவேளை, தம்பி மனைவி பக்கத்தில் இருந்தாள். மேஸ்திரி மறுநாள் வந்து, கம்பியின் இரண்டு முனையிலும் ஒரு ஜாண் சதுரத்துக்குச் செங்கல்லைப் பெயர்த்து, சிமெண்ட் போட்டு அடைத்தார். "வேற வழியில்லை சார்," என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இப்போது கம்பி உறுதியாக இருக்கிறது. அம்மா இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு தனியே போய்வருகிறாள்.

போன மார்கழியிலிருந்து அந்த இரண்டு சதுரங்களைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. தம்பி மனைவி வாரத்துக்கு ஒருமுறை பழந்துணியால் துடைத்துவிடுகிறாள்.